கை ஓயுமுன் கயிறு மாற்றிய பங்குனி

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்து கோணலாக இருக்கும், முன்னுக்குப் பின் மாறி வரும். நேற்று வைத்த சாவி எங்கே என்று இன்றைக்குத் தேடுகிற வயசு இது. ஆனாலும் இந்த ஒன்று மறக்கவில்லை. சபையில் வாய் திறந்து பேசத் தெரியாதவள் என்பதால் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கட்டிக்கொடுத்தது நாமக்கல் பக்கம் ஒரு காட்டூரில். வெள்ளைக்காரன் காலம், பெரிய உலகச் சண்டை வருவதற்கு முன்னால். ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு ஒரே ஒரு சேந்துகிணறுதான். தோட்டத்துக் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். செடி குடிக்கும், மாடு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடிக்கும், மனுசர் குடிக்க முடியாது. அந்தச் சேந்துகிணற்றிலும் எல்லாரையும் இறைக்க விடமாட்டார்கள், அந்தக் காலம் அப்படி. எங்கள் சனத்துக்குள்ளேயே மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. நாங்கள் கீழத்தெரு.

மழைக்காலத்தில் சண்டை இல்லை. சித்திரை பிறந்தால் ஊற்று சுருங்கிவிடும். ராத்திரி ஊறுவதை விடியலில் முதலில் இறைப்பவர்களுக்குத் தெளிந்த தண்ணீர். அடுத்து வருபவர்களுக்குக் கலங்கல். இதற்காக வருசா வருசம் மண்டை உடைந்ததாம். அதனால் பெரியவர்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். பங்குனியில் மாரியம்மன் திருவிழா சாட்டும்போது ஆம்பளைகளுக்குக் கல் தூக்குகிற பந்தயம், பொம்பளைகளுக்குத் தண்ணீர் சேந்துகிற பந்தயம். கிணற்றுக்கு இரண்டு பக்கமும் உருளை, இரண்டு பக்கமும் மாடு குடிக்கிற கல்தொட்டி, இரண்டும் ஒரே அளவு. தப்பட்டை அடித்ததும் இரண்டு தெருவும் இறைக்க வேண்டும். கயிறு ஊர்க் கயிறு, பாத்திரம் அவரவர் விருப்பம். எந்தத் தொட்டி முதலில் வழிகிறதோ அந்தத் தெருவுக்குத்தான் அந்தக் கோடை முழுக்க முதல் தண்ணீர்.

நான் வாழப் போனதிலிருந்து கீழத்தெரு ஜெயித்ததே இல்லை. அதற்கு முன்னாலும் அப்படித்தான் என்றார்கள்.

எனக்கு ஓரகத்தி ஒருத்தர், வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். நல்ல உயரம், உலக்கை மாதிரி கை. பருத்தி மூட்டையை யார் உதவியும் இல்லாமல் வண்டியில் ஏற்றுவார். நான் சொல்லப் போகிற பந்தயத்துக்கு முந்தின கோடையில் அவருடைய பெண் குழந்தை, நடக்கப் பழகியிருந்தது, அந்தக் கலங்கல் தண்ணீர் குடித்து வயிற்றால் போய் மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டது. அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் அதிலிருந்து எந்த வேலையைத் தொட்டாலும் யாரையோ அடிப்பது போல அடித்துச் செய்வார். அந்த வருசம் என் மூத்த பையன் கைக்குழந்தை. அவன் என் மடியில் பால் குடிக்கும்போதெல்லாம் அக்கா ஒரு பார்வை பார்ப்பார். பொறாமை இல்லை. சித்திரை வருகிறதே என்கிற பார்வை.

தோற்றதற்குக் காரணம் அக்காவின் பலக்குறைவு இல்லை. மேலத்தெருவில் அவரைத் தூக்கிச் சாப்பிடுகிற பலசாலி ஒருத்தியும் கிடையாது. காரணம் எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான்.

அக்காவுக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளைத் தவலை ஒன்று இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது, ஊரிலேயே பெரியது. பந்தயத்துக்குச் சீர்ப் பாத்திரத்தைக் கொண்டு போவதுதான் மரியாதை. பெரிய பாத்திரம், பெரிய வீட்டுப் பெண். அதில் சேந்தினால் ஒரு தடவைக்கே தொட்டியில் தண்ணீர் தெரியும், கூட்டம் ஆவென்று வாய் பிளக்கும். இன்னொரு வழக்கம், கயிற்றைப் பிடித்தவள் கை ஓயும்வரை விடக் கூடாது. பாதியில் கொடுத்தால் கேவலம். மேலத்தெருவிலும் இதே வழக்கம்தான். ஆனால் அவர்களிடம் ஆள் அதிகம், ஒருத்தி ஓய்ந்தால் அடுத்தவள். நாங்கள் ஏழெட்டு வீடுதான். அக்கா ஓய்ந்தால் தெருவே ஓய்ந்த மாதிரி.

மாசி மாசத்தில் ஒரு நாள். எங்கள் தோட்டத்து உப்புக் கிணற்றோரம் மிளகாய்ப் பாத்தி இருந்தது. மாட்டை வேறு வேலைக்கு ஓட்டிப் போனால் அதற்குக் கையால்தான் சேந்தி ஊற்ற வேண்டும். அக்கா சேந்துவார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் காய் பொறுக்குவேன். அன்றைக்குத் தவலையைக் கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே சாதாரணக் குடத்தில் சேந்தினார். வழக்கமாக வெயில் ஏறிய பிறகு முடிகிற பாத்தி, அன்றைக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது.

“என்னமோ இன்னைக்குப் பாத்தி தண்ணியே குடிக்கலை” என்றார் அக்கா.

எனக்கு உறுத்தியது. மண் அதே மண். குடம்தான் வேறு.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாட வைப்பார்கள். கையைத் தட்டித் தட்டிப் பாட வேண்டும். முந்தினாலும் பிரம்படி, பிந்தினாலும் பிரம்படி. அதனால் அந்த ஓட்டம் எனக்குள்ளே கடிகாரம் மாதிரி நின்றுபோனது. மறுநாளிலிருந்து அக்கா சேந்தும்போது நான் மனசுக்குள் எட்டாம் வாய்ப்பாட்டைப் பாட ஆரம்பித்தேன். பத்துத் தடவை பாடி முடிப்பதற்குள் எத்தனை குடம் வந்தது என்று பார்ப்பேன். ஒரு நாள் தவலை, ஒரு நாள் பெரிய குடம், ஒரு நாள் சின்னக் குடம், இன்னொரு நாள் தோண்டி. ஏதாவது சாக்குச் சொல்லிப் பாத்திரத்தை மாற்றி வைப்பேன். ஒவ்வொன்றும் எத்தனை படி கொள்ளும் என்று வீட்டில் அளந்து வைத்திருந்தேன்.

தோண்டியில் சேந்தினால் கை பறக்கும், ஆனால் வருகிற தண்ணீர் சொற்பம். தவலையில் தண்ணீர் நிறைய, ஆனால் கை ஊரும். கையென்பது ஒரு விசித்திரம். பாரம் இல்லையென்றால் வேகம், பாரம் ஏறினால் மெதுவு, இன்னும் ஏறினால் அசையவே அசையாது. ஆக நிறையத் தண்ணீர் வருவது இந்தக் கோடியிலும் இல்லை, அந்தக் கோடியிலும் இல்லை, நடுவில் எங்கேயோ.

இதை யாரிடம் சொல்வது? எனக்கு மாமியார் முன்னாலேயே குரல் வராது. ஒரு மத்தியானம் புளியங்கொட்டையைத் தரையில் பரப்பினேன். தோண்டிக்கு ஒரு வரிசை, சின்னக் குடத்துக்கு ஒரு வரிசை, பெரிய குடத்துக்கு, தவலைக்கு என்று ஒன்றையடுத்து ஒன்று. அந்தப் பாத்திரம் கொண்டு வந்த தண்ணீர் எத்தனை படியோ அத்தனை கொட்டை. வைத்து முடித்துப் பார்த்தால் வரிசைகள் மலை மாதிரி ஏறி, உச்சி தொட்டு, தவலைக்கு வரும்போது இறங்கியிருந்தன. உச்சியில் பெரிய குடம்.

மாமியார் அந்தப் பக்கம் வந்தார். “ஏம்புள்ளை, பல்லாங்குழி ஆடறதுக்குக் குழியக் காணோமே?” என்றார்.

“ஆட்டம் இல்லீங்க அத்தை. தண்ணீங்க.”

“தண்ணியா? எனக்குக் கொட்டையாத்தான் தெரியுது. வெயில்ல நின்னியா?”

எப்படியோ திக்கித் திக்கிச் சொன்னேன். மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் நூல் பிடித்த மாதிரி கேட்பார். குனிந்து ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். தவலை வரிசையைத் தொட்டதும் சிரித்தார்.

“அப்போ இத்தனை வருசமா நாம சீரக் காட்டறதுக்குத்தான் கெணத்துக்குப் போனமா? தண்ணி சேந்தறதுக்குப் போகலையா?”

இன்னொன்றையும் சொன்னேன். அக்கா சேந்த ஆரம்பிக்கும்போது வாய்ப்பாட்டில் பாதி முடிவதற்குள் குடம் மேலே வந்துவிடும். போகப் போக ஒரு வாய்ப்பாடு ஆகும், பிறகு ஒன்றரை ஆகும். ஆனால் நடுவில் குழந்தை அழுகிறது என்று நான் கூப்பிட்டு அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால், கை மறுபடி புதுசாகிவிடும். நன்றாக ஓய்ந்த பிறகு உட்கார்ந்தால் அப்படி ஆவதில்லை, வெகுநேரம் ஆனாலும் கை வருவதில்லை. ஓயும் முன்னே மாற்றினால் பலம் திரும்புகிறது, ஓய்ந்த பின் மாற்றினால் திரும்புவதில்லை.

“அப்போ கை ஓயறதுக்கு முன்னாடியே கயித்தைக் குடுத்துரோணும்ங்கறே?”

“ஆமாங்க.”

மாமியார் கொட்டைகளை முறத்தில் அள்ளினார். பிறகு, “மொதல்ல பெரியவகிட்டச் சொல்லலாம் வா. அவ அடிச்சா ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம்” என்றார்.

அக்கா அடிக்கவில்லை. கேட்டு முடித்ததும், “கை இருக்கறப்பவே கயித்தைக் குடுக்கச் சொல்றீங்களா? நான் செத்தாலும் மாட்டேனுங்க” என்று எழுந்து போய்விட்டார். நான் பின்னாலேயே போகவில்லை. அந்தக் குழந்தைக்காக ஒன்றும் செய்ய முடியாமல் போனதைக் கயிற்றைப் பிடித்தாவது செய்ய நினைக்கிறார். அதைப் போய்ப் புளியங்கொட்டையால் எப்படித் தடுப்பது?

மாமியார் விடவில்லை. தெருப் பொம்பளைகளைக் கூட்டி, ஊர் அடங்கிக் கிடக்கிற மொட்டை வெயிலில் சேந்துகிணற்றுக்கு ஒத்திகைக்குக் கூட்டிப் போனார். அக்காவும் வந்தார், எட்ட நின்றார். பெரிய குடத்தைக் கட்டி இறக்கினார்கள். நான் வாய்ப்பாடு பாடினேன். என் கணக்குப்படி வர வேண்டிய தண்ணீர் வரவே இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நாலு முறை சேந்துவதற்குள் ஆளுக்கு ஆள் மூச்சு வாங்கினார்கள்.

“உன்ற புளியங்கொட்டை பொய் சொல்லுது, அம்மிணி” என்றார் மாமியார்.

எட்ட நின்ற அக்கா சிரித்தார். பல மாசத்துக்குப் பிறகு சிரித்தார், அதுவும் என்னைப் பார்த்து. தலையைக் குனிந்துகொண்டு, சிதறிக் கிடந்த கயிற்றைச் சுருட்டித் தூக்கினேன். தூக்க முடியவில்லை.

அப்போதுதான் புரிந்தது. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மேலாகவே இருக்கும், நாலைந்து பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்தில் நாலைந்து, கயிறு போதும். இது அதைப் போல நாலு மடங்கு ஆழம். கற்றாழை நார்க் கயிறு வேறு, குடத்தைப் போலவே அதுவும் தண்ணீர் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் நாம் சேந்துவது குடத்தை மட்டும் இல்லை, கயிற்றையும். கயிற்றுப் பாரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

“கயிறே ஒரு கொடம் இருக்குதுங்க அத்தை” என்றேன். “அதக் கழிச்சாத்தான் மிச்சம் நமக்கு. கொடத்தைக் கொறைக்கோணுங்க.”

சின்னக் குடத்தைக் கட்டிப் பார்த்தோம். சரியாக வந்தது. கல்யாணம் ஆகாத பெண்கள் இடுப்பில் வைத்துப் போகிற குடம் அது. தெருவே வெட்கப்பட்டது. ஆனால் வாய்ப்பாடு வெட்கப்படவில்லை. இப்போது எட்ட நின்ற அக்கா கிட்ட வந்து, என் கையிலிருந்து கயிற்றை வாங்கி எடை பார்த்தார். அடுத்த நாள் ஒத்திகைக்கு எங்களுக்கு முன்னால் கிணற்றடியில் நின்றார்.

பந்தயத்து அன்று ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. மேலத்தெரு மணியக்காரர் வீட்டம்மா தன் சீர்த் தவலையோடு வந்தார், அக்காவினதற்கு அடுத்த பெரியது. எங்கள் கையில் சின்னக் குடம். அதைப் பார்த்ததும் அந்தம்மா கைகொட்டிச் சிரித்தார்.

“ஏனுங்க கீழத்தெருக்காரங்களே, தண்ணி சேந்த வந்தீங்களா, மோர் மொள்ள வந்தீங்களா?”

“மோருதானுங்க” என்றார் மாமியார். “சேந்தி முடிச்சு நீங்க மூச்சு வாங்குவீங்க பாருங்க, அப்ப ஒரு டம்ளர் தாரோம்.”

ஏற்பாடு இதுதான். நான் வாய்ப்பாட்டைச் சத்தமாகப் பாட வேண்டும். மூன்று தடவை முடிந்ததும் கயிறு கை மாற வேண்டும். என்னையும் சேர்த்து ஐந்து பேர், அக்கா முதலும் நடுவிலும் கடைசியிலும். தப்பட்டை அடித்தது. அக்கா கயிற்றை இழுத்தார். எனக்குக் குரல் வரவில்லை. அத்தனை ஆம்பளைகள் முன்னால் வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது.

மாமியார் என்னைப் பார்த்தார். உடனே தானே ஆரம்பித்துவிட்டார். “ஓரெட்டு எட்டு! ஈரெட்டுப் பதினெட்டு! மூவெட்டு முப்பது!”

எனக்குப் பொறுக்கவில்லை. என்னை அறியாமல் கத்தினேன். “ஈரெட்டுப் பதினாறுங்க! மூவெட்டு இருபத்துநாலு!”

“அப்பிடிச் சொல்லு” என்று மாமியார் நிறுத்திக்கொண்டார். அவர் தெரிந்துதான் தப்பாகச் சொன்னாரா என்று கடைசிவரை அவரிடம் நான் கேட்கவில்லை.

நாலெட்டு முப்பத்திரண்டு, ஐயெட்டு நாற்பது என்று நான் பாட, ஒத்திகையில் கேட்டுக் கேட்டுப் பழகிய தெருவே சேர்ந்து பாடியது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பொம்பளைகள் கை தட்டி எட்டாம் வாய்ப்பாட்டை முழங்கினார்கள்.

“பள்ளிக்கொடம் நடக்குதுடியோவ்! பிரம்பு எங்கே?” என்று மேலத்தெரு சிரித்தது. அவர்கள் சிரிக்கலாம்தான். தவலை இரண்டு முறை கவிழ்ந்ததுமே அவர்கள் தொட்டியில் அடி மூடிவிட்டது. எங்கள் தொட்டியில் ஈரம்தான்.

வாய்ப்பாடு சுற்றிச் சுற்றி வந்தது, கயிறு கை மாறி மாறிப் போனது. நடுமுறை அக்காவுக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் தொட்டி பாதிக்கு மேல், எங்களுடையது பாதிகூட இல்லை. மூன்றாம் தடவை வாய்ப்பாடு முடிந்தது. “மாத்துங்க” என்றேன். அக்கா விடவில்லை.

“அக்கா, மாத்துங்க.”

“போ புள்ளை அந்தப் பக்கம். பாரு எத்தனை முன்னாடி போயிட்டாங்கன்னு. நான் உட மாட்டேன்.” கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சேந்துகிற வேகத்தில் குடம் சுவரில் இடித்தது.

நான் கிட்டே போய் அவர் கைக்குக் கீழே கயிற்றைப் பிடித்தேன். என் கை அவர் கையில் பாதி.

“உங்க கை கடைசிக்கு வேணுங்க அக்கா. இப்பவே தீத்துப்போட்டீங்கன்னா அப்ப ஆரு இருக்கறா நமக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். கிணற்றுக்கு எட்ட இருந்த மர நிழலில் மாமியார் மடியில் என் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கயிற்றை விட்டார். என் முறை அது, நான் சேந்தினேன். வாய்ப்பாட்டை நிறுத்தவும் இல்லை. மூச்சு வாங்க வாங்கப் பாடியதில் ராகம் கொஞ்சம் கெட்டிருக்கும். அதற்குப் பிரம்படி கிடைக்காதே.

அதற்குப் பிறகுதான் மேலத்தெருவில் சிரிப்பு நின்றது. அவர்களுடைய முதல் பலசாலி கை ஓய்ந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். இரண்டாமவள் தவலையைப் பாதிக் கிணறு ஏற்றி நிறுத்தி மூச்சு வாங்கினாள். அது சுவரில் மோதிப் பாதித் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போனது. எங்கள் பக்கம் முதல் குடம் எப்படி வந்ததோ அப்படியே எல்லாக் குடமும் வந்தது. வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. இரண்டு தொட்டியும் கழுத்துக்கு வந்தபோது கூட்டம் எங்கள் வாய்ப்பாட்டுக்குக் கை தட்டியது. மேலத்தெரு ஆம்பளைகளே தட்டினார்கள்.

கடைசி முறை. அக்கா எழுந்து வந்தார். காலையில் முதல் கயிறு பிடித்த மாதிரியே இழுத்தார். ஒரு வாய்ப்பாட்டுக்கு ஒரு குடம். “ஏழெட்டு ஐம்பத்தாறு!” என்று கத்தும்போது எங்கள் தொட்டி வழிந்து என் காலை நனைத்தது. குளிர்ச்சி. யாரோ குலவை போட்டார்கள். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு சுற்று ஆடினார். குழந்தை பயந்து வீறிட்டான். அக்கா கயிற்றை விடாமல் இன்னும் ஒரு குடம் சேந்தி, வழிகிற தொட்டியிலேயே ஊற்றினார். அப்புறம்தான் கீழே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நன்றாக, சத்தமாக அழுதார்.

மணியக்காரர் வீட்டம்மா வந்து மாமியார் முன்னால் நின்றார். “எங்கீங்க மோரு?” என்றார். மாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்பி உண்மையாகவே மோர் கொண்டு வரச் சொன்னார்.

சித்திரை பிறந்தது. முதல் விடியலில் எங்கள் தெரு முதலில் இறைத்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். மேலத்தெருப் பொம்பளைகள் காலிக் குடத்தோடு ஓரமாக நின்றார்கள், அவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அக்கா தன் குடத்தை நிரப்பவில்லை. அவளைக் கூப்பிட்டார்.

“உன்ற கொடத்தைக் கொண்டா சாமி. கைக்கொழந்தை இருக்கற ஊட்டுக்கு மொதத் தண்ணி. எந்தத் தெருவா இருந்தா என்ன?”

எங்கள் தெருவில் ஒருத்தி, “அப்போ எதுக்கு அத்தனை பாடு பட்டோம்?” என்றாள். “இதச் சொல்றதுக்குத்தான்” என்றார் அக்கா. “தோத்தவ சொன்னா ஆரு கேப்பாங்க?” அதன் பிறகு பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் கைக்குழந்தை வீட்டுக்குத்தான் முதல் தண்ணீர் என்று ஊர் வழக்கமே ஆகிவிட்டது. அந்தக் கோடையில் எங்கள் இரண்டு தெருவிலும் ஒரு பச்சைப் பிள்ளைக்கும் வயிறு கெடவில்லை.

எனக்கு ஞாபகத்தில் இருப்பது இவ்வளவுதான். கிணற்றின் ஆழத்தை நான் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஐந்து பேரா ஆறு பேரா என்பதும் இப்போது குழப்பமாக இருக்கிறது. கயிற்றைக் கழித்த கணக்கும் சரியா என்று எனக்கு உறுதி இல்லை, எங்கள் கைக்குச் சரியாக வந்தது எல்லார் கைக்கும் வருமா என்பதும் தெரியாது. நாமக்கல் பக்கத்துக்காரர்கள் யாராவது, கணக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், ஆழமான கிணறு ஒன்றில் மூன்று நாலு குடத்தைக் கட்டிச் சேந்திப் பார்த்து, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.